வெறுங்காது ஆங்கிலம்

காலை பத்து மணிக்கு மணி அடித்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் தங்கள் காதுகளைக் கழற்றி டப்பாவில் போட்டார்கள்.

காது என்று பிள்ளைகள் சொன்னது செவிமணியை. பிறந்த நாற்பதாம் நாள் காதுக்குள் பொருத்தப்படும் மிளகளவு உருண்டை அது. உலகத்தில் யார் எந்த மொழியில் பேசினாலும், கேட்பவருடைய மொழியில், அதுவும் அவருடைய ஊர்ப் பேச்சில், பேசுகிறவரின் குரல் மாறாமல் மாற்றிக் கொடுத்துவிடும். ஜப்பானிய மருத்துவரும் பிரேசில் நாட்டு மாமரத் தரகரும் பாளையங்கோட்டைக்காரர்களின் காதில் பாளையங்கோட்டைத் தமிழே பேசினார்கள். எழுத்துக்குக் கண்வில்லை இருந்தது. மூன்று தலைமுறையாக இப்படித்தான். எனவே, நீங்கள் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்கும் தேவையும் வரவில்லை.

ஆனால் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் அப்படியே இருந்தது. செவிமணியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தைப் புரிந்துகொள்வதற்கும் பேசுவதற்கும் வெறுங்காது ஆங்கிலம் என்று பெயர். கல்யாண விளம்பரங்களில் மணமகளுக்கு வெறுங்காது ஆங்கிலம் தெரியும் என்று போட்டார்கள். வேலைக்கான நேர்காணலில் ஐந்து நிமிடம் வெறுங்காதில் பேசச் சொன்னார்கள். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு நாளும் அது தேவைப்பட்டதில்லை. இருந்தாலும் அது தெரியாதவர்கள் தெரிந்தவர்களின் முன்னால் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

எப்சிபா டீச்சர் இருபத்தாறு வருடமாக அந்தப் பள்ளியில் வெறுங்காது ஆங்கிலம் கற்பித்தவள். அவளுடைய வகுப்பில் பிள்ளைகள் வாயிலிருந்து தமிழ் வந்தால், மணிக்கட்டில் இருக்கும் பள்ளிக் காப்பு சிவப்பாகிவிடும். மாலை வரை மாறாது. வீட்டுக்குப் போகும் வழியில் தெருவே பார்க்கும். பிள்ளைகளை அவள் அடித்ததே கிடையாது. அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

அன்று வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் பேச்சிச்செல்வி எழுந்து நின்றாள். எட்டு வயது, ஒல்லியான பிள்ளை. வெளியே போக அனுமதி கேட்கும் ஆங்கில வாக்கியத்தை ஆரம்பித்து, இரண்டு சொல்லோடு நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக, "டீச்சர், ஒண்ணுக்குப் போணும்" என்றாள். காப்பு சிவந்தது.

எப்சிபா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த நேரத்தில் தனக்குத் தமிழ் கேட்காது என்பது அவள் வைத்திருந்த விதி. வாக்கியத்தை முழுதாகச் சொன்னால் போகலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பேச்சிச்செல்வி மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நின்றாள். அடுத்த பெஞ்சிலிருந்த பிள்ளை வாயசைத்து எடுத்துக் கொடுக்கப் பார்த்தது. எப்சிபா விரலைக் காட்டி அதை அடக்கினாள். கொஞ்ச நேரத்தில் பேச்சிச்செல்வியின் காலடியில் தரை நனைந்தது. வகுப்பு சிரித்தது.

எப்சிபா துடைப்பு இயந்திரத்தை வரவழைத்து, பிள்ளையை உடை மாற்ற அனுப்பினாள். மதியம் வழக்கம்போல் சாப்பிட்டாள். மாலையில் கணவரிடம் இதைச் சொன்னபோதுகூட, ஒரு வாக்கியம் மனப்பாடம் பண்ண இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முடியவில்லையே என்றுதான் சொன்னாள். அவர், "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் கணவர் ஆசீர்வாதம் ஆண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் பயிற்சித் தாள் திருத்துவார்கள். மாலைக் காபிக்குப் பிறகு அரைமணி நேரம் செவிமணியைக் கழற்றி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது அவர்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அந்த அரைமணியில் மட்டும் அவர்கள் சண்டை போட்டதே இல்லை. ஆங்கிலத்தில் சண்டை போடும் அளவுக்கு இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த மே மாதம் அவர்களுடைய பயணம் வந்தது. காற்று கெட்டுப்போன காலத்தில் வந்த சட்டப்படி, மனிதர் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு நெடும்பயணம்; கணவனும் மனைவியும் ஒரே இடத்துக்குத்தான் போக முடியும். எங்கே போக வேண்டும் என்று ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால், முறை வர இருபது வருடமாகும். ஆசீர்வாதத்துக்கு எருசலேம் போக ஆசை. எப்சிபாவுக்கு இங்கிலாந்து. தன் வாயால் தினமும் கற்பிக்கிற மொழியை, அதற்கென்று பிறந்தவர்களின் வாயால் ஒரு தடவை வெறுங்காதில் கேட்டுவிட வேண்டும் என்றாள். பதிவு செய்யக் கடைசி நாள் வரை இருவரும் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார். பரலோகத்தில் எருசலேம் இருக்கிறது, இங்கிலாந்து இருப்பதாக எழுதியிருக்கவில்லை, அதனால் அதை இங்கேயே பார்த்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

தூத்துக்குடிக்கு அப்பால் கடலில் மிதக்கும் ஏவுதளத்திலிருந்து ஐம்பது நிமிடப் பயணம். இறங்கியது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஸ்கார்விக் என்ற சிறிய ஊரில். கடலுக்குள் எட்டு மைல் தள்ளி வான்துறை ஒன்று நின்றது. சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் சரக்கு ஏற்றும் கோபுரம் அது. ஊரில் பாதிப் பேர் அதில்தான் வேலை பார்த்தார்கள். தங்குவதற்கு ஏற்பாடாகியிருந்தது ஹேசல் என்ற பெண்ணின் வீடு. நாற்பது வயதிருக்கும். கணவர் சந்திரனில் ஆறு மாதம், வீட்டில் ஆறு மாதம். ஒரே மகள் ஐவிக்கு ஒன்பது வயது. ஹேசல் கதவைத் திறந்து, "வாங்கம்மா, வாங்க சார். பைய அங்கன வைங்க. குளிரு கூடுதலா இருக்கோ?" என்றாள். செவிமணியின் வேலை.

அடுத்த நாள் காலை எப்சிபா நல்ல சேலை கட்டிக்கொண்டாள். மீன் இறங்கும் துறையில் ஆட்கள் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆசீர்வாதத்தோடு அங்கே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சிறிய ஜெபம் ஒன்றைச் சொல்லிவிட்டு, செவிமணியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள்.

முதலில் கடற்பறவைகளின் சத்தம் கேட்டது. பிறகு மனிதர்கள். பெட்டி இறக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டார்கள். ஒரு பெண் விலை கேட்டாள். இரண்டு கிழவர்கள் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். எப்சிபா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு சொல்லும் புரியவில்லை.

உச்சரிப்பு வேறாக இருக்கும் என்று பாடப்புத்தகத்திலேயே எழுதியிருந்தது. பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கால்மணி நேரம் ஆயிற்று. அரைமணி நேரம் ஆயிற்று. வினைச்சொல் எங்கே வருகிறது என்றுகூடப் பிடிபடவில்லை. இருபத்தாறு வருடமாக என்னத்தைத்தான் சொல்லிக் கொடுத்தோம் என்று தோன்றியது. கணவரின் பக்கம் திரும்ப அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் தன் செவிமணியையும் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்சி," என்றார் அவர். "இது இங்கிலீசே இல்ல."

வீட்டுக்கு வந்து ஹேசலிடம் கேட்டார்கள். அவளுக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. கோபுரத்தின் உச்சியிலும் வெற்றுவெளியிலும் கதிர்வீச்சில் செவிமணி செத்துவிடும் என்று அவள் விளக்கினாள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் உயிரோடு இருக்க வேண்டுமானால் எல்லோரும் ஒரே மொழியைச் சொந்த வாயால் பேச வேண்டும். அதற்காக உண்டாக்கியது துறைமொழி. முதலில் கோபுரத்தில் பேசினார்கள், பிறகு பள்ளியில், பிறகு வீட்டில். அறுபது வருடமாக இந்தக் கரை முழுக்க அதுதான். உள்நாட்டிலும் பெரிய ஊர்களில் அதுதான். செவிமணி எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டதால் பாளையங்கோட்டைக்கு இந்தச் செய்தி வந்து சேரவே இல்லை.

அப்படியானால் ஆங்கிலம் யார் பேசுகிறார்கள் என்று எப்சிபா கேட்டாள். மீன் கழுவுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் பேசலாம் என்றாள் ஹேசல். தங்கள் வீட்டில் கிடையாது என்றாள். அதைச் சொல்லும்போது மேசையில் இல்லாத ஒரு கறையை அழுத்தித் துடைத்தாள்.

நான்கு நாள் எப்சிபா எங்கேயும் போகவில்லை. ஒரு வாழ்நாளின் ஒரே பயணத்தை இப்படிச் செலவழித்தோமே என்பதைவிட, கணவரின் பயணத்தையும் சேர்த்துச் செலவழித்தோமே என்பதுதான் அவளைத் தின்றது. ஆசீர்வாதம் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து, ஏதாவது சிப்பியைக் கொண்டுவந்து காட்டுவார். அவர் குத்திக் காட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஐந்தாம் நாள் காலை முகம் கழுவுவதற்காகச் செவிமணியைக் கழற்றி வைத்திருந்தாள். சமையலறையில் ஹேசல் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்சிபா ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் புரிந்தது. ஆடாமல் நில்லு, நேற்று ராத்திரி கனவில் என்ன வந்தது, சொல்லு என்று தாய் கேட்டாள். ஒரு நாய் வந்தது, அது பேசிற்று என்று மகள் சொன்னாள். இவ்வளவும் ஆங்கிலத்தில். பாடப்புத்தக ஆங்கிலத்தைப்போல் விறைப்பாக இல்லாமல், சோற்றைப் பிசைந்து ஊட்டுவதைப்போல் இருந்தது அது. எப்சிபாவின் கண் நிறைந்துவிட்டது. துண்டைக்கூட எடுக்காமல் உள்ளே போய், இருபத்தாறு வருட ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னாள்.

திருடும்போது கையைப் பிடித்ததுபோல் ஹேசல் சிவந்துபோனாள். தெரியாமல் வந்துவிட்டது, வெளியில் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். ஐவிதான் முதலில் சிரித்தாள்.

அதன் பிறகு வந்த ஒரு வாரம் எப்சிபாவின் வாழ்க்கையில் நல்ல வாரம். சாயங்காலங்களில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஹேசல் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டே தன் அம்மா பாடிய பாட்டுகளைச் சொன்னாள். எப்சிபா பாளையங்கோட்டை வெயிலைச் சொன்னாள். ஐவி பதிலுக்குத் துறைமொழியில் நாற்பது சொல் கற்றுக் கொடுத்தாள். வணக்கத்துக்கு சவோரா, தண்ணீருக்கு லிம், நன்றிக்கு எதெக். எப்சிபா அவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆசிரியர்கள் எதையும் எழுதாமல் விடமாட்டார்கள்.

வாரக் கடைசியில் ஒரு நாள் ஹேசல் சூப்பு கிண்டிக்கொண்டே, மகளுக்கு வெங்காயம் பிடிக்காது என்பதைச் சொன்னாள். "ஷீ டோன்ட் லைக்" என்று ஆரம்பித்தாள்.

"டஸ் நாட்," என்றாள் எப்சிபா.

அவள் வாய் தானாகச் சொன்னது. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருமை, படர்க்கை, நிகழ்காலம் என்று விதியையும் சொன்னாள். விரலை நீட்டியும் சொன்னாள்.

ஹேசல் கரண்டியைக் கீழே வைத்தாள். மன்னிக்க வேண்டும் என்று மிக மெதுவாகச் சொன்னாள். தாயிடமிருந்து கேட்டதுதான், யாரும் கற்பிக்கவில்லை, அதனால் தப்பும் தவறுமாகத்தான் வரும் என்றாள். எப்சிபா பதறிப்போய், அப்படியில்லை, நீங்கள் பேசுவதுதான் சரி என்று எவ்வளவோ சொன்னாள். ஹேசல் தலையாட்டிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குப் பிறகு எப்சிபாவிடம் அவள் ஆங்கிலத்தில் பேசவில்லை. மகளிடமும் பேசக் கேட்கவில்லை. செவிமணியின் வழியாக, பாளையங்கோட்டைத் தமிழில், மரியாதையாகப் பேசினாள்.

ஐவிக்கு இதெல்லாம் இல்லை. திங்கள்கிழமை காலை எப்சிபா அவளோடு பள்ளி வாசல் வரை நடந்தாள். பிள்ளை வழியெல்லாம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வந்தது. வாசலில் கையசைத்துப் பிரியும்போது எப்சிபா, நன்றாகப் படி, மாலையில் பார்க்கலாம் என்று வகுப்பறைக் குரலில், உரக்க, ஆங்கிலத்தில் சொன்னாள். ஐவியும் அதே உற்சாகத்தோடு திரும்பி ஆங்கிலத்திலேயே கத்தினாள். வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு ஆசிரியை குனிந்து ஐவியின் கழுத்துப் பட்டையைத் தொட்டாள். பட்டை மஞ்சளாக மாறிற்று.

மதியம் ஹேசலுக்கு அழைப்பு வந்தது. தன்னால் நேர்ந்தது, தானே வந்து சொல்கிறேன் என்று எப்சிபாவும் கூடப் போனாள். ஆசீர்வாதம் வெளியே நின்றார்.

அந்த ஆசிரியைக்கு எப்சிபாவின் வயதுதான் இருக்கும். களைத்த, நல்ல முகம். இருவரையும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசினாள். எப்சிபாவின் காதில் செவிமணி இருந்தது. அது தன் வேலையைச் செய்தது.

"நான் சொல்லுததத் தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா," என்றாள் அந்த ஆசிரியை. "பிள்ள நல்லா வரணும்னுதான் நாங்களும் பாக்கோம். வீட்ல நீங்க அந்தப் பேச்சப் பேசினா, இங்க நாங்க என்ன பாடுபட்டும் புண்ணியமில்ல. உங்களால முடியலன்னா பேசாமயாவது இருங்க. நாங்க ஒரு பிள்ளையயும் அடிக்கது கிடையாது."

அந்தச் சொற்கள் எப்சிபாவுக்குத் தெரியும். வருடத்துக்கு இரண்டு முறை, பெற்றோர் நாளில், தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிரில் நிற்கிற தாய்மார்களிடம் அவள் சொல்வது இதைத்தான். அதே இழுப்பு, அதே இரக்கம். தன் ஊர்ப் பேச்சில், தன் வயதுப் பெண் ஒருத்தியின் வாயிலிருந்து, முதல் முறையாக எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். காது மடல் சுட்டது. பக்கத்தில் ஹேசல் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, உள்ளங்கையைப் பார்த்தபடி, "இனிமே பேச மாட்டோம் டீச்சர்" என்றாள்.

எப்சிபா எழுந்து, குற்றம் தன்னுடையது என்று சொன்னாள். தானும் ஆசிரியைதான் என்று சொல்லிப் பார்த்தாள். அப்படியா, எந்தப் பாடம் என்று அந்த ஆசிரியை அன்பாகக் கேட்டாள். எப்சிபா, கணக்கு என்று சொல்லிவிட்டாள்.

ஐவிக்கு அது மூன்றாவது மஞ்சள். விதிப்படி அவளை, வான்துறை வேலைக்குப் பழக்கும் கோபுர வகுப்பிலிருந்து எடுத்து, ஒரு வருடத்துக்குத் துணி வெளுக்கக் கற்பிக்கும் சலவை வகுப்பில் போட்டார்கள். மாலையில் பிள்ளை வந்ததும் எப்சிபா அவளைத் தேடிப் போனாள். ஐவி படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, துறைமொழியில் ஏதோ சொன்னாள். தனியாக விடச் சொல்கிறாள் என்று செவிமணி தமிழில் சொல்லிற்று. அந்தக் குரல் கேட்டதும் எப்சிபாவுக்குப் பேச்சிச்செல்வியின் நினைவு வந்தது. நனைந்த தரையில் அசையாமல் நின்ற இரண்டு கால்களும், தான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காததும் நினைவு வந்தன. கட்டிலின் ஓரத்தில் உட்கார அவளுக்குத் துணிவில்லை. வாசலிலேயே நின்றாள்.

மீதி நாட்களை அந்த வீட்டில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் கழித்தார்கள். புறப்படும் அன்று ஹேசல் வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். எப்சிபா மன்னிப்புக் கேட்டபோது, "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. எங்க பேச்சே அப்படித்தான்" என்றாள்.

திரும்பும் ஐம்பது நிமிடத்தில் எப்சிபா பேச்சிச்செல்வியைப் பற்றிக் கணவரிடம் சொன்னாள், இம்முறை நடந்தபடியே. ஆசீர்வாதம் கேட்டுக்கொண்டார். அன்றைக்கே தனக்கு மனசு கேட்கவில்லை என்றும், சொன்னால் அவள் வருத்தப்படுவாள் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். பிறகு, தன் வகுப்பிலும் இப்படி இரண்டு மூன்று பையன்கள் உண்டு என்றார். எருசலேமைப் பற்றி அவள் ஆரம்பித்தாள். "அங்க மட்டும் என்ன பாஷை பேசுதாவளோ, போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லி அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் எப்சிபா பேச்சிச்செல்வியின் வீட்டுக்குப் போனாள். அதற்குள் ஆசீர்வாதம் தன் பள்ளி ஆசிரியர் அறையில் துறைமொழியைப் பற்றிச் சொல்லிவிட்டிருந்தார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பேச்சிச்செல்வியின் தாய் சுடலைவடிவு காற்றாலை இறக்கைகளைத் துடைக்கிறவள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, இடுப்பு வாரைக்கூட அவிழ்க்காமல் இருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் ஒரே நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிவிட்டு உட்காரச் சொன்னாள். எப்சிபா உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

"உன் பிள்ளைகிட்ட நான் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன், வடிவு. பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

சுடலைவடிவு பதறிவிட்டாள். "கேள்விப்பட்டோம் டீச்சர். இங்கிலீசு இப்ப எங்கயும் செல்லாதாமே. அதுக்குப் போய் நீங்க வந்து நிக்கணுமா? உங்களுக்கும் தெரியாதுல்லா."

"அது இல்ல, வடிவு." எப்சிபா அன்று வகுப்பில் நடந்ததை முழுதும் சொன்னாள். வாக்கியம் வரும்வரை பிள்ளையை நிற்க வைத்ததையும், வகுப்பு சிரித்ததையும் விடாமல் சொன்னாள்.

சுடலைவடிவு கவனமாகக் கேட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "கண்டிச்சாத்தான் டீச்சர் பிள்ளைக்கு வரும்" என்றாள். "என்னைய யாரும் கண்டிக்காததுனாலதான் நான் இறக்கையில தொங்குதேன். நீங்க மனசத் தளர விடாதீங்க. இங்கிலீசுக்கு இருந்த மாதிரியே அந்தப் புதுப் பாஷைக்கும் கண்டிப்பா இருங்க. டியூசன் என்னைக்கு ஆரம்பிக்கீங்கன்னு மட்டும் முதல்ல எனக்குச் சொல்லிருங்க."

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பேச்சிச்செல்வி வந்தாள். எப்சிபா அவள் முன்னால் முழங்காலிட்டுக் குனிந்தாள். பிள்ளை ஒரு அடி பின்னால் போயிற்று. அவள் மன்னிப்புக் கேட்டது அதன் காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. வெகுநேரமாக யோசித்து வைத்திருந்ததைக் கேட்பதுபோல் கேட்டது.

"டீச்சர், அந்தப் பாஷையில ஒண்ணுக்குப் போணும்னு எப்படிக் கேக்கணும்?"

ஐவி கொடுத்த நாற்பது சொல்லில் அது இல்லை. எப்சிபாவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதை அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

விடுமுறை முடியும் முன்பே பள்ளி நிர்வாகம் கூடிப் பேசிற்று. எப்சிபா எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தில், காப்பு முறையை நிறுத்த வேண்டும் என்றும், பிள்ளைகள் எந்த மொழியில் கேட்டாலும் ஆசிரியர்கள் பதில் சொல்ல வேண்டும் என்றும், அப்படியில்லையானால் தன்னை விடுவித்துவிட வேண்டும் என்றும் இருந்தது. தாளாளர் அதைப் படித்துவிட்டு, மிகவும் நல்ல மனசு என்றார். ஆனால் ஜில்லாவிலேயே துறைமொழி தெரிந்த ஒரே ஆள் அவள்தான், நாற்பது சொல் என்றாலும் நாற்பது சொல்தான், அவளே அதைக் கற்பிக்க வேண்டும் என்றார். மற்ற பள்ளிகள் இப்போதே ஆள் தேடுகின்றன என்றும், நம் பிள்ளைகள் பின்தங்கிப்போவதை அவள் விரும்புகிறாளா என்றும் கேட்டார். வெளியே வராந்தாவில் பெற்றோர்கள் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் சுடலைவடிவின் முகம் இருந்தது. இத்தனை வருடம் தப்பான இடத்தில் நின்றுவிட்டோமே என்ற வெட்கமும், இனியாவது முந்திக்கொள்ள வேண்டும் என்ற பதற்றமும் அவர்களிடம் இருந்தன. எப்சிபா முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த வகுப்பு தன் கையில் இருந்தால் பிள்ளைகளைக் கொஞ்சம் மென்மையாக நடத்தலாமே என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்த எண்ணம் உண்மைதானா, அல்லது ஊரில் ஒரே ஆள் என்று சொன்னது இனித்ததா என்று ஆசீர்வாதம் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

பள்ளி திறந்த நாள் காலைக் கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்தார்கள். பெற்றோர்களும் வந்திருந்தார்கள். செவிமணிகளைக் கழற்றச் சொன்னார்கள். முதல் பாடமாக எப்சிபா வணக்கம் சொல்லிக் கொடுத்தாள். சவோரா. அறுநூறு பிள்ளைகளும் சவோரா என்றார்கள். பெற்றோர்கள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வரிசைக்கு ஒரு பிள்ளையாக எழுந்து தனியாகச் சொல்ல வேண்டும் என்று தாளாளர் விரும்பினார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்தான். அழுத்தி வாரிய தலை, புதுச் சட்டை. அவனுக்கு அந்தச் சொல் மறந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான். பயத்தில், மூன்று வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொண்டதை, அவளே திருத்தித் திருத்திச் சொல்லிக் கொடுத்த உச்சரிப்பில், ஒரு பிசகும் இல்லாமல் சொன்னான்.

"குட் மார்னிங், டீச்சர்."

கூடம் முழுவதும் சிரித்தது. பெற்றோர்கள் சிரித்தார்கள். போன மாதம் வரை அதைச் சொல்லத் தெரியாமல் கூசி நின்றவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். பையனின் தாய் தலையைக் குனிந்துகொண்டாள். எப்சிபா அவனைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், மற்ற யாரையும் பார்க்கவில்லை. அப்போதுதான் தன் உதடுகள் விரிந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.